ஆறாவது ஒலி

பிப்ரவரி 3, திங்கள்

ஈரோடு பேச்சுப் பயிற்சி மையத்து ஜெசிந்தா டீச்சர் சொன்னதால் இதை எழுதுகிறேன். "உங்களுக்குத்தான் வாயே திறக்க வர்றதில்ல, எழுதவாவது செய்யுங்க. பாப்பாவோட என்ன விளையாடினீங்க, அவ என்ன செஞ்சான்னு அன்னன்னைக்கு எழுதுங்க" என்றார். அவர் கொடுத்த சிவப்பு நோட்டு ஒன்றும் இருக்கிறது. அதில் டிக்கும் பெருக்கல் குறியும் மட்டும்தான் போட வேண்டும், சனிக்கிழமைதோறும் அவரிடம் காட்ட வேண்டும். இது மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இதை யாருக்கும் காட்டப் போவதில்லை.

பெயர் மாதேஸ்வரன். பள்ளிபாளையத்தில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவன். மகள் கனிஷ்கா, மூன்றே முக்கால் வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆகிவிட்டது. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று வீட்டில் சொன்னார்கள். போன ஜூனில் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், தலையில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். சத்தத்தை அது உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். அது இன்ன சத்தம் என்று பழக்குவது வீட்டில் இருப்பவர் வேலை, அதுவும் விளையாட்டாகவே பழக்க வேண்டும். பூங்கொடிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நிலையான வேலை. அதனால் தறியை விட்டு நான் வீட்டில் நின்றுகொண்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

விளையாட்டு இதுதான். கனி ஒரு புளியங்கொட்டையைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அவள் பக்கவாட்டில், வாய் தெரியாதபடி உட்கார்ந்து நான் ஓர் ஒலி எழுப்ப வேண்டும். கேட்டதும் அவள் கொட்டையைக் கொட்டாங்குச்சியில் போட வேண்டும். ஒலிகள் மொத்தம் ஆறு: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இந்த ஆறும் கேட்டால் மனிதர் பேசுவது முழுவதும் கேட்கும் என்கிறார் டீச்சர்.

மதியம் ஒரு மணிக்குத் தெருவில் தறிகள் சாப்பாட்டுக்கு நிற்கும். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். முன்கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, பின்வாசல் கதவை மட்டும் காற்றுக்காகத் திறந்து வைப்பேன். நாற்பத்தொரு வயதில் தரையில் சம்மணம் போட்டு ஊ, ஈ என்று கத்துகிறேன். தறிக்குடோன் ஆட்கள் பார்த்தால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 8, சனி

ஈரோடு மையம். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பெரிய பரிசோதனையாம். "அதுல வர்றத வச்சுதான் ஜூன்ல எங்க சேர்க்கலாம்னு எழுதுவோம். நல்லா கேட்டா உங்க தெரு ஸ்கூல்லயே போடலாம். இல்லன்னா ஹாஸ்டல் இருக்கற ஸ்பெஷல் ஸ்கூல்தான் பிள்ளைக்கு நல்லது" என்றார் டீச்சர். அந்தப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரம்.

பஸ் காவிரிப் பாலத்தில் வரும்போது கனி என் மடியில் தூங்கிவிட்டாள். தூங்கும்போது காந்தத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆறுக்கு ஆறு! மூன்று நாளாகத் தொடர்ந்து ஆறும் டிக். பூங்கொடி கம்பெனியிலிருந்து வந்ததும் நோட்டைக் காட்டினேன். "அப்ப எங்கூட மட்டும் ஏனுங்க திரும்ப மாட்டேங்கறா? நான் பின்னாடி நின்னு கூப்பிட்டா அசையறதே இல்லீங்களே" என்றாள். அவள் வரும் நேரத்துக்குக் குழந்தை களைத்துப் போயிருக்கும், அதுதான் காரணம்.

பிப்ரவரி 19, புதன்

பின்வாசல் குழாயில் தண்ணீர் வந்து போயிருக்கிறது. எங்கள் பக்கம் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வரும், நேரம் காலம் கிடையாது. குழாயைத் திறந்தே வைத்திருப்போம். தண்ணீருக்கு முன் வெறும் காற்று வரும், அந்தச் சத்தம் கேட்டதும் குடங்களை வரிசையில் வைக்க வேண்டும். இன்று அடியிலிருந்த ஒரு குடம் மட்டும் நிறைந்து, மற்றதெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது.

"பத்தடி தூரத்துல இருக்கறீங்க. காத்து வர்ற சத்தம் கேக்கலீங்களா?" என்றாள் பூங்கொடி. விளையாட்டில் இருக்கும்போது எனக்கு வேறெதிலும் புத்தி போகாது. அவள் காலண்டரில் தேதியை நீல மையால் வட்டமிட்டாள். அடுத்தது எப்போது வரும் என்று கணக்குப் பார்க்க அப்படிச் செய்வாள்.

மார்ச் 1, சனி

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டீச்சர் முன்னால் விளையாடிக் காட்டினோம். ஆறும் போட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டீச்சர் எழுந்து கனியின் தலையிலிருந்த காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இப்ப இன்னொரு தடவ விளையாடுங்க" என்றார்.

மெஷின் இல்லாமலே ஆறும் போட்டாள்.

"பாப்பா உங்க சத்தத்தக் கேக்கலீங்க. உங்க தோளப் பாக்கறா. ஒவ்வொரு தடவையும் மூச்ச இழுத்து தோளத் தூக்கறீங்க, புருவம் ஏறுது. வாயும் பேசற மாதிரி அசையுதே தவிர, சத்தம் பாதிதான் வருது. யார்கிட்டப் பழகினீங்க இப்படி?"

யாரிடமும் இல்லை. தறிக்குடோனில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். முப்பது தறி ஓடும் இடத்தில் தொண்டையைக் கிழித்தாலும் பிரயோஜனம் இல்லை. வாயை அசைத்து, தோளைக் குலுக்கி, புருவத்தைத் தூக்கினால் போதும். நூல் அறுந்தது முதல் சம்பந்தி வீட்டுச் சண்டை வரை அப்படியே பேசி முடித்துவிடுவோம். அதே பேச்சைத்தான் என் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவளும் என்னைச் சந்தோஷப்படுத்த, கேட்காத சத்தத்துக்கெல்லாம் கொட்டை போட்டிருக்கிறாள்.

கிளம்பும்போது டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "அப்பறம் அந்த 'ஸ்'. நீங்க சொல்றது எனக்கே கேக்கல. நல்லா அழுத்திச் சொல்லுங்க." அழுத்தித்தான் சொன்னேன். இவர்களுக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடி பூஜ்யத்திலிருந்து. இப்போது அவளுக்குப் பின்னால் உட்காருகிறேன், முதுகைச் சுவரில் ஒட்டி, தோள் அசையாதபடி. ஆறுக்கு ஒன்றுமில்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

மார்ச் 8, சனி

விளையாட்டு என்றால் கொட்டை போடுவது மட்டுமில்லை, வீட்டு வேலை முழுவதையும் விளையாட்டாக்குங்கள் என்கிறார் டீச்சர். சரி. தக்காளி கழுவினோம். கழுவு, கழுவு, கழுவு என்று முப்பது தடவை சொன்னேன். வெங்காயம் உரித்தோம். துணி மடித்தோம், அப்பா சட்டை, அம்மா சேலை, கனி பாவாடை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு "கனீ" என்று கூப்பிட்டேன். உடம்பு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அவள் என் காலைப் பிடித்து இழுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் பேசாததை எல்லாம் ஒரே நாளில் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது.

மார்ச் 12, புதன்

ஆ!

பின்னால் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, ஆ என்றேன். கொட்டை விழுந்தது. தற்செயலோ என்று இன்னொரு தடவை, சற்றுப் பொறுத்து. அப்போதும் விழுந்தது. காந்தத்தை எடுத்துவிட்டுச் சொன்னேன், போடவில்லை. ஒட்டிவிட்டுச் சொன்னேன், போட்டாள். கேட்கிறது. என் குரல் என் மகளுக்குக் கேட்கிறது. கொட்டாங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு கொட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், ஆட்டத்தை நடத்து என்கிற மாதிரி.

தண்ணீரும் வந்தது. பக்கத்து வீட்டுத் துளசிமணி அக்கா சத்தம் போட்டதால் எல்லாக் குடமும் பிடித்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

என் அக்கா ராஜாமணி வந்திருந்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கும் பூங்கொடிக்கும் கேட்கும்படியே சொன்னார்: "நம்ம வழியில யாருக்குமே இந்தக் குறை இல்ல. இவ சித்திக்குத்தான் காது கேக்காதுன்னு சொன்னாங்க. பொண்ணு பாக்கும்போதே விசாரிச்சிருக்கோணும்."

பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் கனிக்கு இட்லி பிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பாவும் தறிக்காரர்தான். கடைசிக் காலத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் அது.

மார்ச் 17, திங்கள்

ம், ஊ, ஆ. மூன்று டிக். ஆனால் ஒரு புது வம்பு. நான் வாயையே திறக்காதபோது ஒரு கொட்டை போட்டாள். இல்லை என்று தலையாட்டி எடுத்துக் கையில் கொடுத்தேன். உடனே இன்னொன்று போட்டாள். நோட்டில் பெருக்கல் குறி போட்டு, "ஒலி இல்லாமலே போட்டாள்" என்று எழுதினேன்.

மார்ச் 22, சனி

மையம். ஈ, ஷ் இரண்டும் வந்துவிட்டன. டீச்சருக்குச் சந்தோஷம். 'ஸ்' மட்டும் சந்தேகம், டீச்சர் சொன்னபோது மூன்றில் ஒன்றுக்குத்தான் போட்டாள். பதினேழாம் தேதிப் பெருக்கல் குறியைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "சத்தமே இல்லாம போட்டா அது குருட்டாம்போக்கு. பரிசோதன அன்னைக்கு அப்படிப் போட்டா மத்த அஞ்சையும் நம்ப முடியாதுன்னு எழுதிருவாங்க. இந்தப் பழக்கத்த நிறுத்தியாகணும்."

மார்ச் 27, வியாழன்

மறுபடியும். ஒலி இல்லாமலே நான்கு கொட்டை. சிரித்துக்கொண்டே போடுகிறாள், பின்வாசல் பக்கம் வேறு கையை நீட்டுகிறாள். கவனம் முழுவதும் வெளியே. விரல் நீட்டி மிரட்டினேன். பெருக்கல் குறி.

ஏப்ரல் 2, புதன்

இன்று விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். தலைவலி.

தண்ணீர் வந்து வீணாய்ப் போயிற்று.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் கனிக்குத் தலை பின்னும்போது, "கையில என்னங்க சிவந்திருக்குது?" என்று கேட்டாள் பூங்கொடி. கொசு கடித்திருக்கும் என்றேன். அவள் அந்தக் கையையே சிறிது நேரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கனி இன்று ஒரு கொட்டையும் போடவில்லை. ஆ சொன்னேன், ம் சொன்னேன். கையை மூடிக்கொண்டு மடியில் வைத்திருந்தாள்.

ஏப்ரல் 5, சனி

டீச்சர் முன்னாலும் போடவில்லை. "போன வாரம் வரைக்கும் நல்லா வந்துட்டிருந்தாளே, வீட்ல ஏதாச்சும் நடந்துச்சா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த சனிக்கிழமையும் இப்படியே இருந்தால் ஹாஸ்டல் பள்ளிக்குத்தான் எழுத வேண்டி வரும் என்றார்.

நான்தான் அடித்தேன். புதன்கிழமை, கொட்டை பிடித்திருந்த கையில். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கொட்டை போட்டாள், நான் வாய் திறக்காமலே. ஹாஸ்டல் கண்முன்னால் வந்து நின்றது. ஓங்கி அடித்துவிட்டேன். அழக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்தாள். யாருக்கும் காட்டாத டைரியிலேயே பொய் எழுதியிருக்கிறேன். தாமதமாகப் பேசும் பிள்ளை என்று சொன்னதும் வீட்டில் யாரோ இல்லை, நான்தான். கனிக்கு ஆறு மாதம் ஆனபோதே பூங்கொடி தட்டை விழவைத்துப் பார்த்துவிட்டு, காது கேட்கவில்லை என்று சொன்னாள். அவள் வாயை நான்தான் அடைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பரிசோதனைக்கு இன்னும் நான்கு நாள். ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். கொட்டையைக் கையில் வைத்தேன். பேசாமல் காத்திருந்தோம்.

நான் எதுவும் சொல்லும் முன்பே அவள் தலை நிமிர்ந்தது. கண் அகன்றது. கொட்டையைப் போடக் கை முன்னால் போய், பாதியில் நின்றது. திரும்பி என் வலது கையைப் பார்த்தாள். பிறகு கொட்டையை இறுக்கி மூடி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சிறிது நேரம் கழித்து எழுந்தாள். சமையலறையில் இருந்த சின்னக் குடத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். ஆட்டத்தை விட்டு ஓடுகிறாள் என்று பின்னாலேயே போனேன். குழாய்க்குக் கீழே நிறைந்து நின்ற குடத்தின் பக்கத்தில் தன் குடத்தை வைத்துவிட்டு, என் விரலைப் பிடித்து இழுத்துக் குழாயைக் காட்டினாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாய் காய்ந்து கிடந்தது. குனிந்து உள்ளங்கையை அதன் வாயில் வைத்தேன்.

காற்று. பலமான காற்று, கை மயிர் அசையும் அளவுக்கு. அது எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டு ஓடியிருக்கிறேன். ஸ்ஸ்ஸ் என்று வரும். காதைக் குழாயோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். மறு காதையும் வைத்தேன். ஒன்றுமே இல்லை. கனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குழாய் இரண்டு தடவை துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

குடங்களை நிறைத்துவிட்டுச் சிவப்பு நோட்டையும் காலண்டரையும் எடுத்து வந்து தரையில் வைத்துப் பார்த்தேன். ஒலி இல்லாமலே போட்டதற்குப் பெருக்கல் குறி போட்ட நாட்கள்: மார்ச் 17, மார்ச் 27, ஏப்ரல் 2. காலண்டரில் பூங்கொடியின் நீல வட்டங்கள்: மார்ச் 17, 22, 27, ஏப்ரல் 2. இருபத்திரண்டாம் தேதி நாங்கள் ஈரோட்டில் இருந்தோம்.

குருட்டாம்போக்காக அவள் ஒரு கொட்டைகூடப் போடவில்லை. டீச்சர் சொன்னபடி, கேட்டதும் போட்டாள். நான் எழுப்பத் தெரியாத ஒலியைக் குழாய் எழுப்பியது. கேட்டதற்காக என் பிள்ளையை அடித்திருக்கிறேன்.

அவள் முன்னால் உட்கார்ந்து, ஒளித்து வைத்த கையை மெதுவாக வெளியே எடுத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வியர்வையில் நனைந்த புளியங்கொட்டை உள்ளே இருந்தது. கொட்டாங்குச்சியைக் குழாயடிக்கே கொண்டுவந்து அவள் முன் வைத்தேன். வெகுநேரம் யோசித்தாள். பிறகு போட்டாள்.

ஏப்ரல் 12, சனி

பூங்கொடியும் லீவு போட்டு வந்தாள். கண்ணாடி அறைக்குள் டீச்சர் மடியில் கனி. நாங்கள் வெளியே. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஆறும் போட்டாள். சத்தம் இல்லாதபோது கொட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். தெருப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நோட்டையும் காலண்டரையும் டீச்சரிடம் காட்டி எல்லாம் சொன்னேன், அடித்ததையும் சேர்த்து. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க உள்ள போய் உக்காருங்க" என்றார். காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் உள்ளே இருந்தபடி கண்ணாடி வழியாக டீச்சரின் தோளைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. ரொம்ப நேரம் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"மெலிசான சத்தம் எல்லாம் உங்களுக்குப் போயிருச்சுங்க. தறிச் சத்தத்துல வந்தது. பத்துப் பன்னண்டு வருஷமா இருந்திருக்கும்."

"பாப்பாவுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. வேலையில போன காது பிள்ளைக்குப் போகாது. அவளுக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியல. உங்க சைடும் இல்ல, அவங்க சைடும் இல்ல."

எனக்குத் தெரியும், சில வருடங்களாகவே தெரியும். டிவியை ஏன் கூட்டி வைத்தேன், ஃபோன் அடித்தால் ஏன் எடுக்கவில்லை, எல்லாம் தெரியும். சொன்னால் குறை என் வழியில் வந்தது என்றாகிவிடும் என்று பயந்து, அது பூங்கொடியின் செத்துப்போன சித்தி தலையில் விழும்போது இட்லி பிட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்தாள்.

"கைய கொசு கடிக்கலைன்னு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். அப்புறம், "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகுது? அண்ணிகிட்டச் சொல்லுங்க."

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். பூங்கொடி பக்கத்தில் இருக்கும்படி, ஸ்பீக்கரில் போட்டேன். எனக்கும் காது கேட்காது, அப்பாவுக்கும் கேட்கவில்லை, இவள் சித்தியைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொன்னேன். அக்கா என்ன பதில் சொன்னார் என்று பாதி புரியவில்லை. பூங்கொடியிடம் கேட்டேன். "ஒன்னும் சொல்லலீங்க, வெச்சுட்டாங்க" என்றாள்.

சிவப்பு நோட்டில் அந்த மூன்று நாள் பெருக்கல் குறிகளையும் அடித்து டிக் போட்டேன். ஏப்ரல் இரண்டாம் தேதிக்கு எதிரே, "ஐந்து தடவையும் சரி" என்று எழுதினேன்.

மதியம் கொட்டாங்குச்சியை எடுத்து வந்து உட்கார்ந்தேன். கனி கொட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. என் கையில் ஒன்றைத் திணித்து, அதைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தாள். பிறகு எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு அவள் டீச்சர்.

ஆ என்றாள். போட்டேன். ஊ என்றாள். போட்டேன். அடுத்தது எதுவும் வரவில்லை. காத்திருந்தேன். தெருவில் தறிகள் நின்றிருந்தன. அவளுக்கு ஆட்டம் அலுத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

பல்லைக் கடித்து, உதட்டை விரித்து, முகம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாகவோ தெரியவில்லை.

எனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் கோபப்படவில்லை. என் வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்துத் தன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, மறுபடியும் ஊதினாள். குழாயில் வந்த அதே காற்று.

இடது கையிலிருந்த கொட்டையைப் போட்டேன். கனி கை தட்டினாள்.